உங்களுக்குப் பதிலாக யார்?

கிண்ணியா
14.01.2024

அன்புத் தங்கச்சி றம்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் சுகம். கொழும்பில் நீயும் அப்ராஸும் பிள்ளைகளும் சுகமாக இருக்க எந்நாளும் துஆச் செய்கிறோம்.

நீ தந்த கேள்வித் தாளை வைத்து முதல் இருபது பெண்களிடமும் கேட்டு முடித்துவிட்டேன். தாள்களைக் கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன், புறக்கோட்டையில் வாங்கிக்கொள். கடிதத்தையும் அதே பைக்குள் வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வீட்டுக்குள் வந்ததும் என் போன் உம்மாவின் கைக்குப் போய்விடும், அவ ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பா. உம்மாவின் முழங்காலைப் பற்றி உம்மாவை வைத்துக்கொண்டு என்னத்தைக் கதைக்கிறது?

இந்த வினாக்கொத்தை எழுதிய மனிசன் யார்? 'குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதில் எவ்வளவு கஷ்டம்?' என்று கேட்கச் சொல்லியிருக்கிறாய். குட்டிக்கராச்சியில் ஒரு மனுசி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்குள் நான் ஏன் இறங்க வேணும் என்று என்னையே திருப்பிக் கேட்டா. அடுத்த கேள்வி சப்பாத்துக்குள் காலுக்கு மேஸ் போடுவதைப் பற்றி. கிண்ணியா வெயிலில் எந்தப் பொம்பிளை மேஸ் போடுகிறாள்? கேட்டுவிட்டு நானே வெட்கப்பட்டேன்.

சிரிக்கிற விஷயமில்லை இது. முழங்கால் மாற்றுகிற ஒபரேசனுக்கு ஆட்கள் கூட, டொக்டர்மார் குறைவு, இனிமேல் இந்தத் தாளில் நோப் புள்ளி கூடினவர்களுக்குத்தான் முதலிடம் என்று நீதான் சொன்னாய். அந்தப் பட்டியலில் உம்மாவின் பெயரும் இருக்கிறது. தொட்டியையும் மேஸையும் கேட்டா உம்மாவின் இடத்தைத் தீர்மானிக்கப் போகிறீர்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ராத்தா ரபீக்கா


கொழும்பு
29.01.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். சின்னவனுக்குக் கொஞ்சம் தடிமன், மற்றபடி நாங்கள் சுகம். உங்கள் உடம்பு எப்படி? உங்கள் மகன் ஹஸன் கத்தாரில் இருந்து கோல் எடுத்தானா?

நீங்கள் ஏசியது நியாயம். அது வெள்ளைக்காரர் தங்கள் ஊருக்கு எழுதியது, அப்படியே தமிழாக்கித் தந்துவிட்டார்கள். தொட்டி, மேஸ் இரண்டையும் தூக்கிவிட்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, தரையில் இருந்து எழும்புவது, தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாம் சேர்த்திருக்கிறேன். இதற்காகக் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள், ராத்தா. அந்தப் பெண் என்ன சொல்கிறாவோ அதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் கண்டதை எழுத வேண்டாம். நோயாளியின் சொந்த வாய்ச்சொல்லுக்குப் புள்ளி கொடுக்கிற முதல் தாள் இது. போன வருசம் அந்த டொக்டர் உம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு 'இந்த வயசுக்கு இந்த முழங்கால் போதும்' என்று அனுப்பினாரே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

உம்மாவிடம் நீங்கள் கேட்கக் கூடாது, சொந்தக்காரர் கேட்டால் சரிவராது. உப்புவெளியில் தாள் கேட்கிற துசானி வருவா.

உங்கள் தங்கச்சி
றம்லா


கிண்ணியா
18.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். சின்னவனின் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

துசானி வந்துவிட்டுப் போனா. நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை. உம்மா அவவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் தொதலும் கொடுத்து, தாயின் சுகம், தம்பியின் படிப்பு எல்லாம் விசாரித்த பிறகுதான் கேள்விக்கே விட்டா. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தரையில இருந்து எழும்ப எவ்வளவு கஷ்டம், அம்மா?"

"ஒரு கஷ்டமும் இல்ல மகள். அல்ஹம்துலில்லாஹ்."

எப்படிக் கஷ்டம் இருக்கும்? உம்மா தரையில் குந்துகிறதை விட்டே இரண்டு வருசம். தண்ணீர் அள்ளவும் கஷ்டமில்லையாம், அள்ளுகிறது நான்தானே. சுஜூதுக்கும் கஷ்டமில்லையாம், அவ தொழுகிறது கதிரையில். கதிரையில் இருந்து குனிய யாருக்குக் கஷ்டம்? இப்படியே பன்னிரண்டு கேள்விக்கும் அல்ஹம்துலில்லாஹ். துசானி ஒவ்வொன்றாக அடையாளம் போட்டுக்கொண்டு போனா, அவவிலும் பிழையில்லை.

அந்தப் பிள்ளை படலையைச் சாத்தியதும் கேட்டேன், ஏன் உம்மா இப்படிச் சொன்னீங்க என்று. "வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முன்னால அல்லாஹ் தந்த உடம்பக் குற சொல்லவா?" என்று என்னை ஏசினா. ஏசி முடித்த கையோடு முழங்காலுக்குத் தைலம் பூசிவிடச் சொன்னா.

புள்ளி நூற்றுக்குப் பதினொன்று என்று துசானி நேற்றுப் போனில் சொன்னா. பதினொன்றுக்கு எப்போது ஒபரேசன் கிடைக்கும்? கட்டிலை விட்டு எழும்பவே மாட்டாத காலத்திலா? நீ செய்த தாள், தங்கச்சி. உன் தாள் உன் உம்மாவைச் சுகம் என்கிறது.

உம்மா உனக்கு ஸலாம் சொல்கிறா. முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதாதே என்றும் சொல்கிறா.

ரபீக்கா


கொழும்பு
03.03.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். நாங்கள் சுகம், உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவே கந்தோரில் வைத்துத்தான் வாசித்தேன், அழுகை வந்துவிட்டது. ஆனால் உம்மா சொன்னது சொன்னதுதான். என் உம்மா என்பதற்காக நான் மாற்றினால், நாளைக்கு ஒவ்வொருவரும் தங்கள் உம்மாவுக்கு மாற்றுவார்கள். தராசில் விரலை வைத்த பிறகு அது என்ன தராசு?

கொஞ்சம் பொறுங்கள். எல்லாப் பக்கத்துத் தாளும் வரட்டும். தாளில் பிழை இருந்தால் கணக்கில் தெரியும், அப்போது திருத்தலாம். உங்களிடம் இன்னும் மூதூர், தோப்பூர் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் உங்களைப் பிடித்தேன்.

நோன்புக்குப் பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

றம்லா


கிண்ணியா
27.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறது. நானும் உம்மாவும் சுகம். பழம் கிடைத்தது.

பை ஒரு நாள் பிந்தித்தான் வரும். பாலத்தடியில் பையைக் கொடுக்கப் பஸ் படியில் நான் ஏறி முடிக்க முதல் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான், மரியாதை தெரியாதவன்.

பெண்கள் தொழுகிற இடத்துக்கு முதல் சில நாட்கள் தராவீஹுக்குப் போனேன். பின்வரிசை முழுக்கப் பிளாஸ்டிக் கதிரை. ஒவ்வொரு கதிரையிலும் எனக்குப் பதில் சொன்ன ஒரு முகம். சுஜூதுக்குக் கஷ்டமே இல்லை என்று என் கையால் எழுதுவித்த அதே ஆட்கள் கதிரையில் இருந்து எனக்கு ஸலாம் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே நினைவில்லை. இப்போது உம்மாவுக்குத் துணையாக நானும் வீட்டிலேயே தொழுகிறேன்.

ஆனால் நீ சந்தோசப்படு. தோப்பூர், மூதூர்த் தாள்களில் புள்ளி சரியாக வருகிறது. பெண்கள் இப்போது மனம் விட்டுக் கதைக்கிறார்கள். கிண்ணியாவிலும் மிச்சப் பேரை முடித்துவிட்டேன்.

பெருநாளுக்கு வருவீர்களா? உம்மா கேட்கிறா.

ரபீக்கா


கொழும்பு
19.05.2024

ராத்தாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். சுகம்தானே?

பெருநாளுக்கு வராததற்கு அப்ராஸின் வேலையைச் சாட்டினேன். அது காரணமில்லை. பெருநாளுக்கு முன்பே எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க மனம் வரவில்லை, எழுதவும் கை வரவில்லை.

தாள் நல்லதா என்று சோதிக்க, அதே ஆட்களிடம் இரண்டு கிழமை கழித்து மறுபடி கேட்பது வழக்கம். ஒரே சாமானை இரண்டு முறை நிறுத்துப் பார்க்கிற மாதிரி. நீங்கள் கேட்ட பெண்களில் கொஞ்சப் பேரிடம் துசானியை அனுப்பினேன். உப்புவெளியிலும் கந்தளாயிலும் இரண்டு முறையும் அனேகமாக ஒரே பதில். உங்கள் தாள்களில் மட்டும் எழும்பவே ஏலாது என்று இருந்தவர்கள் துசானியிடம் ஒரு கஷ்டமும் இல்லை என்றிருக்கிறார்கள்.

ராத்தா, அவர்கள் சொல்லாததை நீங்கள் எழுதினீர்களா?

றம்லா


கிண்ணியா
26.05.2024

தங்கச்சி றம்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

ஓம். எழுதினேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

தோப்பூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். மனுசி கட்டிலில். மருமகள் ரிஸ்னா இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்துத் தூக்கி, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எனக்கு முன்னால் கதிரையில் கொண்டுவந்து இருத்தினாள். அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. நான் கேட்டேன், கட்டிலில் இருந்து எழும்ப எவ்வளவு கஷ்டம் என்று.

"ஒரு கஷ்டமும் இல்ல. ரிஸ்னா இரிக்காள்தானே."

இதை 'கஷ்டமே இல்லை' என்று எழுதச் சொல்கிறாயா? என் கண்ணை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? 'செய்யவே ஏலாது' என்பதில் அடையாளம் போட்டுவிட்டு எழும்பி வந்தேன். அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன். கண்டதை எழுதினேன். பொய் எழுதவில்லை. பொய் சொல்கிறது உன் தாள்தான்.

உப்புவெளியிலும் கந்தளாயிலும் நோகுது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஒபரேசன், அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறவர்களுக்குக் கட்டில். இது எந்த ஊர் நீதி? இனி என்ன செய்யப் போகிறாய், செய்.

ரபீக்கா


கொழும்பு
09.06.2024

ராத்தாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம்.

நீங்கள் கொண்டுவந்த தாள்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். பட்டியல் இப்போதைக்கு டவுன், உப்புவெளி, கந்தளாய் ஆட்களோடுதான் போகும். கிண்ணியா, மூதூர், தோப்பூர் அதில் இல்லை. துசானி கேட்ட தாள் என்பதால் உம்மா மட்டும் இருக்கிறா, பதினொன்றோடு, கடைசிப் பக்கத்தில்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் கோபத்தையும் கேளுங்கள். டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், நீங்கள் கதிரையைப் பார்த்தீர்கள். இரண்டு பேருமே அந்த மனுசியின் வாயை மூடிவிட்டு நீங்களாகவே தீர்ப்பு எழுதினீர்கள். உங்களுக்கு இரக்கம் இருந்தது, அவருக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். பிழையான தாளைத் திருத்த எனக்கு அவர்களுடைய உண்மையான பதில் தேவைப்பட்டது. எல்லாரும் கஷ்டமில்லை என்று சொல்லியிருந்தால், அந்த ஒன்றைக் காட்டியே இந்தத் தாள் இந்தப் பெண்களுக்கு உதவாது என்று கூட்டத்தில் மேசையில் அடித்திருப்பேன். அந்த ஆதாரத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள், ராத்தா.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

றம்லா


கொழும்பு
07.07.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, உங்களிடம் இருந்து ஒரு வரி இல்லை. கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. உடம்பு சுகம்தானே? கடைசிக் கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளி உம்மாவோடு கதைத்தேன். நீங்கள் போனை உம்மாவிடம் விட்டுவிட்டுத் தோப்பூருக்குப் போயிருந்தீர்களாம். சுகமா என்றேன், வழக்கம்போல அல்ஹம்துலில்லாஹ். எனக்கு ரிஸ்னா நினைவுக்கு வந்தாள். சும்மா கேட்டேன், தொழ முதல் கை கால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர் யார் தாறது உம்மா என்று. ராத்தா என்றா. காலுக்குத் தைலம்? ராத்தா. கட்டிலால எழும்ப? "ராத்தாட தோளப் புடிச்சித்தான். அவள் இல்லாட்டி நான் ஒண்ணுக்கும் ஏலாது மகள்." பன்னிரண்டு கேள்வியையும் இப்படியே கேட்டேன். தன் நோவைச் சொல்ல வெட்கப்பட்ட மனுசி மகளின் அருமையைச் சொல்லச் சொல்ல நிறுத்தவே இல்லை. ஏலாது என்ற சொல் உம்மாவின் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

உடனே கூட்டம் கூட்டினேன். 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்?' என்பதை எடுத்துவிட்டு, 'இப்போது உங்களுக்குப் பதிலாக இதை யார் செய்கிறார்கள்?' என்று போட்டிருக்கிறேன். வேறு ஆள் செய்து கொடுத்தால் புள்ளி. குறை சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளைப் புகழ்ந்தால் போதும். கிண்ணியா, மூதூர், தோப்பூர் மூன்றையும் திரும்பக் கேட்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உங்களை விட மாட்டார்கள், துசானிதான் போவா. உம்மாவிடமும் கேட்பா.

ஒரு தாள் உங்களுக்கும் வைத்திருக்கிறேன். நீங்களே ஒருமுறை பதில் போட்டுப் பார்த்து, எங்கே தடக்குகிறது என்று எழுதுங்கள். சண்டை பிடிக்க எனக்கு உங்களை விட்டால் யார்?

உங்கள் தங்கச்சி
றம்லா


கிண்ணியா
28.07.2024

தங்கச்சி றம்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை நான் சுகம் என்று எழுதவில்லை.

முதலில் உன் சந்தோசத்தைச் சொல்கிறேன். துசானி எல்லா இடமும் போய் வந்துவிட்டா. தோப்பூர் மனுசி ரிஸ்னாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அந்தப் பிள்ளையின் உம்மா வாப்பாவின் குணம் வரைக்கும் போனாவாம். மூதூரில் ஒரு மனுசி மகனைச் சொல்லிச் சொல்லி அழுதாவாம். உம்மாவுக்குப் புள்ளி எழுபத்திரண்டு. அடுத்த மாதம் வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து அறிவித்தல் வந்துவிட்டது. உன் கேள்வி வேலை செய்கிறது. நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் செய்தது பிழை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி தடக்கின இடம்.

நீ சொன்னபடி நானும் பதில் போட்டேன். தண்ணீர் அள்ள உங்களுக்குப் பதிலாக யார்? ஒருவரும் இல்லை. தரை கூட்ட? ஒருவரும் இல்லை. கட்டிலில் இருந்து எழுப்பிவிட? உன் மச்சான் மௌத்தாகி ஆறு வருசம், ஹஸன் கத்தாரில், நீ கொழும்பில். ஒருவரும் இல்லை, ஒருவரும் இல்லை என்று பன்னிரண்டையும் போட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். சைபர். உன் புதுத் தராசில் கிண்ணியாவிலேயே சுகமான பொம்பிளை நான்தான்.

என் வலது முழங்கால் நோன்புக்கு முதலே வீங்கிவிட்டது. இப்போது இடதும். பஸ் படியில் ஏற ஏலாமல்தான் அன்றைக்குப் பை பிந்தியது, பஸ்காரனைச் சும்மா ஏசினேன். தராவீஹை விட்டது உம்மாவுக்காக இல்லை. பின்வரிசையில் எனக்கும் ஒரு கதிரை போட வேண்டி வந்துவிட்டது, அதில் இருந்து அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. குசினிச் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருகிறேன். உம்மா என் தோளைப் பிடித்து எழும்புகிறா, நான் கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறேன்.

அறிவித்தலோடு இன்னொரு தாளும் வந்தது. ஒபரேசனுக்குப் பிறகு ஆறு கிழமை உம்மாவைத் தூக்கி எழுப்ப ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆளின் பெயர் ஏற்கெனவே எழுதிக் கிடக்கிறது. ரபீக்கா. யார் கொடுத்தது என்று உம்மாவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு நீதான் போனில் சொன்னாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? தோப்பூர் மனுசியின் வாயை நான் மூடினேன் என்று எழுதினாயே, என் வாயை மூடியது யார்?

ஆறு மாதமாகக் கடிதங்களில் உடம்பு சுகமா என்று கேட்டாய். நான் சுகம் என்று எழுதினேன். உம்மாவின் அல்ஹம்துலில்லாஹ்வை நம்பாமல் கூட்டம் கூட்டினவள், என் சுகத்தை மட்டும் எப்படி நம்பினாய்? அதுதான் உனக்கு வசதி.

ஒபரேசன் நடக்க வேணும். அதை நிறுத்த நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கிற என் பெயரை வெட்டிவிட்டேன். இடம் வெறுமையாக இருக்கிறது.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே. போன் எடு. உம்மா ஸ்பீக்கரில்தான் போடுவா. ராத்தாவுக்குப் பதிலாக யார் என்று கேள். உம்மாவும் கேட்கட்டும்.

ரபீக்கா